பித்தான் போட்ட பை

சட்டைப்பைக்குப் பித்தான் போட்டுக்கொள்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு எடுக்க அவர்கள் பித்தானைக் கழற்றி முடிப்பதற்குள் கண்டக்டர் நாலு சீட்டு தாண்டிப் போயிருப்பார். மாஸ்டரை முதன்முதலாகப் பார்த்தபோது அவர் முகத்துக்கும் முன்னதாக அந்தப் பித்தான்தான் என் கண்ணில் பட்டது. காக்கிச் சட்டை, மூடி வைத்த பை, அதன்மேல் தடித்த பித்தான். உள்ளே இருப்பது பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பவர்போல அவருடைய இரண்டு விரல்கள் எந்நேரமும் அங்கேயே இருக்கும்.

மாஸ்டர் ஶ்ரீவில்லிபுத்தூர் கால்பந்து அணியின் பயிற்சியாளர். சொந்த ஊர் வத்திராயிருப்புப் பக்கம் மகாராஜபுரம். பட்டாளத்திலிருந்து திரும்பியதும் ஶ்ரீவில்லிபுத்தூரில் வீடு கட்டி, ஊருக்குப் பக்கத்துப் பெருமாள் மலையான திருவண்ணாமலைக்குப் போகிற ரோட்டோரத் திடலில் பையன்களைச் சேர்த்து ஆட வைத்தார். புரட்டாசி சனிக்கிழமைகளில் மலைக்குப் போகிற கூட்டம் திடலுக்குக் குறுக்கே நடக்கும். அன்றைக்கு மட்டும் பயிற்சி கிடையாது. நானோ ராஜபாளையத்தில் கல்யாண வீடியோ எடுக்கிறவன். பந்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. எங்களைச் சேர்த்து வைத்தது ஒரு டிவிப் பெட்டி.

எங்கள் ஊர் மைதானத்தில் வருஷா வருஷம் அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்துப் போட்டி நடக்கும். வருஷா வருஷம் நடுவரை யாராவது அடிக்கப் போவார்கள். ஒரு தடவை அவருடைய பைக்கில் காற்றைப் பிடுங்கிவிட்டு, தள்ளிக்கொண்டே போகட்டும் என்று கைதட்டி வழியனுப்பினார்கள். அதற்குப் பிறகு எந்த நடுவரும் எங்கள் ஊர்ப் பக்கம் வரச் சம்மதிக்கவில்லை. போட்டிக் கமிட்டிச் செயலாளர் செல்போனைத் தூக்கிக்கொண்டு என் ஸ்டூடியோவுக்கு ஓடிவந்தார்.

“தம்பி, இதைப் பாரு. வெளிநாட்டுல சின்னப் போட்டிக்கெல்லாம் இப்ப இதுதானாம். பெரிய ரூமு, இருவது கேமரா ஒண்ணும் வேண்டாம். ரெண்டு கேமரா, ஒரு டிவி போதும். கோச்சு கேட்டா மட்டும் ரெஃப்ரிக்குத் திருப்பிப் போட்டுக் காட்டணும். ஒங்கிட்டத்தான் எல்லாம் கெடக்கே!”

விதிகளையும் அவரே சொன்னார். ஓர் ஆட்டத்துக்கு ஒரு பயிற்சியாளருக்கு இரண்டு நீல அட்டை. நடுவர் தவறு செய்துவிட்டார் என்று நினைத்தால் விரலை வானத்தில் சுற்றிக் காட்டிவிட்டு, ஓர் அட்டையை மேஜையில் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். கோல், பெனால்டி, சிவப்பு அட்டை ஆகியவற்றுக்கு மட்டும்தான் கேட்கலாம், அதுவும் ஆட்டம் மறுபடி தொடங்குவதற்குள். கேட்டது சரியென்றால் அட்டை திரும்பி வரும். தப்பென்றால் போனது போனதுதான். அட்டை மேஜைக்கு வந்துவிட்டால் நடுவர் படத்தைப் பார்த்தே ஆக வேண்டும், பார்த்ததை மைக்கில் சொல்லியே ஆக வேண்டும்.

அட்டைகளை நான்தான் லாமினேட் செய்து கொடுத்தேன். சாயங்கால வெயிலில் டிவியில் ஒன்றும் தெரியாது என்பதால், பேண்டேஜ் கம்பெனியில் துணி கட்டி அனுப்புகிற பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை வாங்கி, ஒரு பக்கம் வெட்டி டிவிக்கு முன்னால் மாட்டினேன். நடுவர் பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்க்க வேண்டும். அவர் தலையை விட்டதுமே சனம், “சார், உள்ள பேண்டேஜ் இருந்தா ஒண்ணு எடுத்துட்டு வாங்க, பொறவு தேவைப்படும்!” என்று கத்தும்.

முதல் நாளே நான் ஒரு தப்புச் செய்தேன். எந்தப் பயிற்சியாளரும் கேட்காதபோது, திரையில் கண்டதைத் தாங்க முடியாமல், “அது கோலே இல்ல!” என்று கூவிவிட்டேன். செயலாளர் வந்து காதோடு ஏசிவிட்டுப் போனார். “கேட்டாத்தான் நீ வாயைத் தொறக்கணும். கேக்கலன்னா ஒனக்குக் கண்ணும் இல்ல, வாயும் இல்ல.” அன்றிலிருந்து உண்மையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது என் வேலையானது. கல்யாண வீடுகளில் எனக்கு அதில் நல்ல பழக்கம் உண்டு.

எங்கள் ஊர் மில் அணியின் பயிற்சியாளரைப் பையன்கள் பம்பரம் என்றுதான் சொல்வார்கள். ஆட்டம் சூடு பிடிப்பதற்கு முன்பே விரலைச் சுற்றிவிடுவார். த்ரோவுக்குக்கூடச் சுற்றுவார். த்ரோவுக்குக் கேட்க முடியாது என்று சொன்னால் வீட்டுத் தெலுங்கில் ஏசுவார். இடைவேளைக்கு முன்பே அவருடைய இரண்டு அட்டையும் மேஜைக்கு வந்துவிடும். மாஸ்டர் அதற்கு நேர் எதிர். அந்த வருஷம் அவர் அணி ஆடிய எல்லா ஆட்டத்துக்கும் நான் கேமரா வைத்தேன். அரையிறுதி முடிகிற வரைக்கும் ஒரு தடவைகூட அவர் கேட்கவில்லை. அநியாயமாக ஒரு பெனால்டி அவருக்கு எதிராகப் போகும். விரல்கள் பித்தானுக்குப் போகும். பித்தானைத் தடவும். இறங்கிவிடும்.

“இருக்கட்டும். இதைவிடப் பெருசு பின்னால வரும்.”

எல்லாவற்றுக்கும் அவரிடம் இந்த ஒரு வார்த்தைதான். இருக்கட்டும். ஒருமுறை யாரோ புண்ணியவான் அணிக்குப் புது ஷூக்கள் வாங்கிக் கொடுத்தார். பையன்கள் கண்ணில் காட்டிவிட்டு, ஃபைனலுக்குப் போட்டுக்கலாம் என்று பீரோவுக்கு மேலே ஏற்றிவிட்டார். அந்த வருஷம் ஃபைனல் வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. ஒருவழியாக ஃபைனல் வந்த வருஷம் பெட்டியைத் திறந்து போட்டுக்கொண்டு ஓடினால், பசை காய்ந்து போன அடிப்பாகம் எல்லாம் கழன்று மைதானத்தில் கிடந்தது. பாதிப் பேர் வெறுங்காலோடு ஆடித் தோற்றார்கள். இதை எனக்குச் சொன்ன பையன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்தேன்.

அவர் வீட்டுக்கு ஒரு நாள் போயிருந்தேன். டிவி ரிமோட்டுக்குக் கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. அவர் மனைவி, எனக்கு அக்கா, காபி கொண்டு வந்து வைத்துவிட்டு, இதற்காகவே ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தவர்போலப் பேச ஆரம்பித்தார்.

“மக கல்யாணத்துக்கு ரெண்டு மிக்ஸி வந்துச்சு தம்பி. ஒண்ணு அவ கொண்டு போயிட்டா. இன்னொண்ணு பெட்டிக்குள்ளயே இருக்கு. பழசு ஓடுற வரைக்கும் ஓடட்டும்னு சொல்லிட்டாவ. அது ஓடுறதா? ஒரு கை அமுக்கிப் பிடிக்கணும், ஒரு கை சுச்சைப் பிடிக்கணும். அவியளுக்கு எல்லாமே பொறவுதான்.”

மாஸ்டர் கோபப்படவில்லை. காபியை ஆற்றிக்கொண்டே பட்டாளத்துக் கதை ஒன்றைச் சொன்னார். அவரோடு ஒரே பாரக்கில் இருந்த ஒருவன், ஊர்த் திருவிழா, மச்சான் வீட்டு விசேஷம் என்று லீவை எல்லாம் எடுத்து முடித்துவிட்டான். பிறகு அவன் அம்மா இறந்ததாகத் தந்தி வந்தது. லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்று ராத்திரி முழுக்க அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததை இவர் பக்கத்துக் கட்டிலில் இருந்து பார்த்திருக்கிறார்.

“அன்னைக்கு முடிவு பண்ணேன் தம்பி. சின்னதுக்குச் செலவழிச்சா பெரியதுக்குக் கையில இருக்காது. நான் லீவைத் தொடவே இல்ல.”

“மக பொறந்ததுக்குக்கூட வரல” என்றார் அக்கா, அடுப்படியிலிருந்து. “நடக்க ஆரம்பிச்ச பொறவுதான் அவ மூஞ்சியைப் பாத்தாவ.”

அந்தப் பெரியது எப்போது வந்தது என்று நான் கேட்டேன். விளையாட்டுக்குத்தான் கேட்டேன். மாஸ்டர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். அப்படி ஒன்றும் வரவில்லை, சாமி புண்ணியத்தில் எல்லாரும் நன்றாக இருந்தார்கள் என்றார். கேட்டிருக்க வேண்டாமோ என்று எனக்கு ஆகிவிட்டது.

அவர் அணியில் மாரி என்று ஒருவன் இருந்தான். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடிக்கிற கம்பெனியில் வேலை. ஷிப்ட் முடிந்து டவுன் பஸ் பிடித்து ஶ்ரீவில்லிபுத்தூர் திடலுக்குப் போய் ஆடிவிட்டு வருவான். அந்த வருஷம் ஃபைனலைப் பார்க்க ஒரு போலீஸ் அணியிலிருந்து ஆட்கள் வருவதாகவும், நன்றாக ஆடுகிறவனை விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்றும் பேச்சு இருந்தது. மாரியின் வீட்டில் அந்த வேலை கிடைத்துவிட்டது போலவே பேசிக்கொண்டார்கள். அவன் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் யாரும் அதைத் தப்பென்று சொல்லவில்லை.

அரையிறுதி மாஸ்டர் அணிக்கும் பம்பரத்தின் மில் அணிக்கும். இடைவேளை முடிந்த கொஞ்ச நேரத்தில் ஒரு கார்னர் அடித்தார்கள். கும்பலாகக் குதித்தார்கள். மில் அணிக்காரன் ஒருவன் வாயைப் பிடித்துக்கொண்டு கீழே விழுந்தான். வாயெல்லாம் ரத்தம். பக்கத்தில் நின்றது மாரி. நடுவர் ஊதிக்கொண்டு ஓடிவந்து சிவப்பு அட்டையைத் தூக்கிவிட்டார். முழங்கையால் அடித்தான் என்று குற்றம். சிவப்பு அட்டை வாங்கியவன் அடுத்த ஆட்டத்திலும் ஆட முடியாது. அடுத்த ஆட்டம் ஃபைனல்.

என் திரையில் எல்லாம் தெளிவாக இருந்தது. விழுந்தவனின் வாயில் மோதியது அவனுடைய அணிக்காரன் ஒருவனின் தலை. மாரியின் கை தொடைக்குப் பக்கத்தில் இருந்தது.

“மாஸ்டர், கேளுங்க! சாமி சத்தியமா நான் தொடல!”

மாஸ்டர் அந்த நேரம் கோல் கீப்பருக்கு ஏதோ கை காட்டிக்கொண்டிருந்தார். அவர் பார்க்கவில்லை. கேப்டனைக் கூப்பிட்டார். “நீ பாத்தியாலே?”

“பாக்கல மாஸ்டர். ஆனா மாரி பொய் சொல்ல மாட்டான்.”

விரல்கள் பித்தானுக்குப் போயின. நான் அவரையே பார்த்தேன். இருமினேன். தொண்டை கிழிய இருமினேன். செயலாளர் என்னை முறைத்தார். மாஸ்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. பித்தான் பாதி கழன்றது எனக்குத் தெரிந்தது. பிறகு அதை மறுபடி உள்ளே தள்ளி மாட்டினார்.

“இருக்கட்டும். இன்னும் எம்புட்டு ஆட்டம் கெடக்கு. பொறவு ஒரு பெனால்டி குடுத்தான்னா கையில ஒண்ணு வேண்டாமா?”

மாரி கயிற்றைத் தாண்டி வெளியே போய் உட்கார்ந்தான். ஆறு பேரோடு ஆடி, கடைசி நேரத்தில் ஒரு கோல் போட்டு மாஸ்டர் அணி ஜெயித்தது. மாஸ்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். அந்தக் குலுக்கலிலும் பித்தான் கழலவில்லை.

மைதானம் காலியான பிறகு அவர் என்னிடம் வந்தார். “தம்பி, அதைப் போடு.”

எதை என்று நான் கேட்கவில்லை. அவர் பெட்டிக்குள் தலையை விட்டார். போட்டேன். திரும்பப் போடச் சொன்னார். அடுத்த கேமராவில் இருப்பதையும் போட்டேன். படம் முடிந்து திரை நின்றுவிட்டது. அவர் தலையை வெளியே எடுக்கவில்லை. அவர்மேல் எனக்கு ஆத்திரம் இருந்தது, ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் நின்றேன். பெட்டிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

“இப்பக் கேட்டாச் செல்லுமா?”

“செல்லாது மாஸ்டர். ஆட்டம் முடிஞ்சிருச்சு.”

வெளியே வந்தார். பித்தானைக் கழற்றி இரண்டு அட்டையையும் எடுத்தார். மடிப்புக்கூட விழாமல் புதிதாகவே இருந்தன. மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு ஆத்திரம் போன இடம் தெரியவில்லை.

ஃபைனல் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் மாஸ்டர் ஸ்டூடியோவுக்கு வந்தார். போலீஸ் அணி ஆளை மதுரை வரைக்கும் போய்ப் பார்த்திருக்கிறார்.

“அடிச்சிட்டு வெளிய போன பய எங்களுக்கு வேண்டாங்குறாரு. நீ அனுப்புன படத்தை போன்ல காட்டுனேன். போன்ல வாரதையெல்லாம் நம்ப முடியாது, என்ன வேணாலும் வெட்டி ஒட்டுறாங்கன்னு சொல்லிட்டாரு.”

அவர் சொன்னதிலும் தப்பில்லை. மழையே பெய்யாத கல்யாணத்தில் மழை பெய்ய வைத்துக் கொடுத்தவன் நான்.

“நாளைக்கழிச்சு நான் விரலைச் சுத்தினா, நீ அந்தப் படத்தைப் போடு” என்றார் மாஸ்டர்.

“மாஸ்டர், அது போன ஆட்டம். அட்டை போயிரும்.”

“போகட்டும்.”

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் முதன்முதலாகக் கேட்டது அன்றைக்குத்தான். கமிட்டி என்னை உரித்துவிடும் என்று தெரிந்தும் அந்தப் படத்தைத் தேடி எடுத்து வைத்தேன்.

ஃபைனலுக்கு ஒரு பேண்டேஜ் கம்பெனி முதலாளி பெரிய திரை ஒன்றை வாடகைக்கு வைத்துக் கொடுத்திருந்தார். நான் பெட்டிக்குள் போடுவது அதிலும் தெரியும். மைதானம் கொள்ளாத கூட்டம். போலீஸ் அணிக்காரர்கள் பந்தலுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கயிற்றுக்கு வெளியே, வெளுத்த சட்டையோடு மாரி. பின்னாலிருந்து யாரோ, “இவன்தாம்லே அன்னைக்குப் பல்லை உடைச்சது” என்று சொன்னது எனக்கே கேட்டது.

ஆட்டம் தொடங்கி முதல் ஃபவுலுக்கு நடுவர் ஊதினார். மாஸ்டர் கோட்டருகே வந்து விரலைச் சுற்றினார். பை ஏற்கெனவே திறந்திருந்தது. மேஜையில் இருந்தவர் அட்டையை வாங்கிக்கொண்டு, எதற்குக் கேட்கிறீர்கள் என்றார்.

“சிவப்பு அட்டைக்கு.”

“இன்னும் யாருக்கும் குடுக்கலியே மாஸ்டர்?”

“குடுத்தாச்சு. போன ஞாயித்துக்கெழம.”

நடுவர் அதே நடுவர்தான். சாத்தூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் விளையாட்டு வாத்தியார், விதியென்றால் விதி என்று நிற்கிறவர். அட்டை வந்துவிட்டது, பார்த்தே ஆக வேண்டும். முகம் சிவக்கப் பெட்டிக்குள் தலையை விட்டார். நான் படத்தைப் போட்டேன். பெரிய திரையிலும் ஓடியது. செயலாளர் என்னை நோக்கி ஓடிவந்தார்.

“ஏலே, என்னத்தடா போடுத?”

“கோச்சு கேட்டதைப் போடுதேன்.”

நடுவர் மைக்கை வாங்கினார். “இது இந்த ஆட்டம் இல்ல. தள்ளுபடி.” கூட்டத்தில் ஒரே சத்தம். கை படவில்லை என்று ஒரு பக்கம், முன்னால் நிற்கிறவன் கையை மறைக்கிறான் என்று இன்னொரு பக்கம். மாஸ்டர் விரலை மறுபடி சுற்றினார். இரண்டாவது அட்டையும் மேஜைக்கு வந்தது. அவருடைய கேப்டன் ஓடிவந்து கையைப் பிடித்தான். “மாஸ்டர், ஆட்டமே இன்னும் இருக்கு! கடைசி அட்டை மாஸ்டர்!” அவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

கோலுக்குப் பின்னால் வைத்த கேமராவில் எடுத்ததைப் போட்டேன். தலை வாயில் மோதுவதும், மாரியின் கை கீழே இருப்பதும் அதில் மறைவில்லாமல் இருந்தது. சத்தம் அடங்கிவிட்டது. பெட்டிக்குள் போன நடுவரின் தலை வெளியே வர வெகு நேரம் ஆனது. மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு பந்தல் பக்கம் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார்.

“தள்ளுபடி. போன ஆட்டத்துத் தீர்ப்பை மாத்த முடியாது.” நிறுத்தினார். பிறகு சொன்னார். “ஆனா அந்தப் பையன் கை படல. நான் பாத்தது தப்பு.”

மாரி எழுந்து நின்றான். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான். பந்தலுக்குக் கீழே ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார், அவர் கயிற்றுப் பக்கம் விரல் நீட்டிக் காட்டினார். எனக்குத் திரை கலங்கித் தெரிந்தது. வெயில் என்று சொல்லிக்கொண்டேன்.

ஆட்டம் தொடர்ந்தது. வெயில் மலைக்குப் பின்னால் இறங்குகிற நேரம், மாஸ்டர் அணி அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கோட்டுக்கு உள்ளே விழுந்து வெளியே வந்தது. நடுவர் கோல் கொடுக்கவில்லை. என் திரையில் பந்து முழுதாக உள்ளே இருந்தது. கேட்பதற்கு மாஸ்டரிடம் அட்டை இல்லை. எனக்குக் கண்ணும் இல்லை, வாயும் இல்லை. ஆட்டம் சமனாகி, பெனால்டியில் தோற்றார்கள். கேப்டன் மாஸ்டரோடு பேசாமல் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான். வெகு நாள் பேசவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மாரியை அடுத்த மாதம் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள், இப்போது அந்தப் போலீஸ் அணியில் ஆடுகிறான். மாஸ்டரும் அக்காவும் மகளோடு ஓசூருக்குப் போய்விட்டார்கள். போவதற்கு முன்பு ஒருமுறை அவர்கள் வீட்டைத் தாண்டிப் போனபோது, உள்ளே மிக்ஸி ஓடுகிற சத்தம் புதிதாக இருந்தது.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான். நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார். சும்மா இருந்திருக்கலாம், என் வாய் கேட்கவில்லை.

“மாஸ்டர், அந்தப் பந்து உள்ள போச்சு. நல்லாவே உள்ள போச்சு. கையில ஒண்ணு இருந்திருந்தா கப்பு ஒங்களுக்குத்தான்.”

அவர் விரல்கள் பழக்கத்தில் பைக்குப் போயின. பை திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“இருந்துச்சே தம்பி. செலவழிச்சிட்டேன்.”